புளியங்கொட்டைக்கும் கணக்கு நோட்டுக்கும் நடுவே

மாசி மாதம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது புளி தட்டுகிற சத்தம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தனியே எடுத்துக் குவிப்பார்கள். கொட்டையும் விலைக்குப் போகும் என்பதால் யாரும் வீணாக்குவதில்லை. ஆனால் எந்தத் திண்ணையிலும் பிள்ளைகளுக்கென்று ஒரு கைப்பிடி தப்பித்துவிடும். அதைத் துணியில் தேய்த்து மினுமினுப்பாக்கி ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் வருஷம் முழுக்கப் பல்லாங்குழிக்கு ஆகும்.

பென்னாகரம் பக்கம் உறவினர் வீட்டுத் திண்ணையில் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஆயா, எதிரே மூன்றாம் வகுப்புப் பேத்தி. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. வரிசைக்கு 7 குழி, இரண்டு வரிசை, குழிக்கு 5 கொட்டை, ஆக 70. ஒரு குழியை வாரி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும்; முடிந்த இடத்துக்கு அடுத்த குழி காலி என்றால் அதற்கும் அடுத்ததில் இருப்பது ஆடியவருக்கு. அந்தப் பெண் தன் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாம் குழியில் 5 கிடந்தது. விரலை வைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது: "ஆயா, இத எடுத்தா உன் பக்கம் மொதக் குழியில முடியுது. அதுக்கடுத்தது காலி. அதுக்கும் அடுத்ததுல ஒம்போது இருக்கு. எனக்கு!"

அவள் செய்தது சாதாரணக் கணக்கில்லை. 3-உம் 5-உம் 8, அது 7-ஐத் தாண்டுகிறது, தாண்டிய மிச்சம் 1, எனவே எதிர் வரிசையில் முதல் குழி. இதைக் கண் இமைக்கும் நேரத்தில் போட்டாள். அதைவிடச் சுவையான விஷயம் ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது. ஆயா கையில் 47, பேத்தி கையில் 23. அடுத்த ஆட்டத்துக்கு இருவரும் தங்கள் வரிசையைத் தங்கள் கொட்டையால் நிரப்ப வேண்டும். ஆயா 7 குழியையும் நிரப்பி 12-ஐ மடியில் வைத்துக்கொண்டார். பேத்திக்கு 4 குழிதான் நிரம்பியது. கையில் 3 மிச்சம். நிரம்பாத 3 குழியும் அந்த ஆட்டத்தில் கணக்கில் சேராது. தோற்றவள் குறைந்த நிலத்தோடு ஆடவேண்டிய அந்த விதி கொஞ்சம் கொடுமையானது என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் எல்லா ஊரிலும் இப்படியே ஆடுவார்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆசை யாரை விட்டது? "23-ஐ 5-ஆல வகுத்தா என்ன வரும் கண்ணு?" என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "அது வகுத்தல். மிஸ் இன்னும் நடத்தல" என்றாள். 4 குழியும் 3 மிச்சமும் அவள் கண் முன்னால்தான் கிடந்தன.

விளையாட்டு வழியாகக் கல்வி என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். இந்தத் திண்ணையில் நான் பார்த்த இடைவெளியைக் கடப்பது எப்படி என்பதுதான் அதில் கேட்கவேண்டிய கேள்வி. விளையாட்டுக்குள் கணக்கு இருக்கிறது, சந்தேகமே இல்லை. குழந்தைக்கு அது கைவருகிறது, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் கைவந்தது நோட்டுக்கு வருகிறதா?

வருவதில்லை, தானாக வருவதில்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டெல்லியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய 214 மழலையர் வகுப்புகளில், சராசரியாக 5 வயதுள்ள 1,540 குழந்தைகளைக் கொண்டு அது நடந்தது. பின்னாளில், 2019-ல், நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கியும் அதில் இருந்தார்கள். முடிவு 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. குழந்தைகளுக்கு எண்ணிக்கையையும் வடிவத்தையும் வைத்து விளையாட்டுகள் கொடுத்தார்கள்: எந்தக் கூட்டத்தில் புள்ளி அதிகம், எந்த வடிவம் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்ற மாதிரி. ஓராண்டுக்கும் மேலாகியும் அந்தத் திறன் குழந்தைகளிடம் நிலைத்திருந்தது. ஆனால் முதல் வகுப்புக்குப் போனபின், எண்ணை எழுதி, கூட்டல் குறி போட்டுச் செய்கிற பள்ளிக் கணக்கில் அவர்கள் மற்ற குழந்தைகளைவிட முன்னே நிற்கவில்லை.

அதே ஆய்வாளர்கள் இருவரும் இடம்பெற்ற குழு 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது இன்னும் நெருக்கமாகத் தைக்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் பார்க்கிற சிறுவர்களிடம் பொருள் வாங்கிப் பார்த்தார்கள். மனக்கணக்கு பிசகாமல் வந்தது. அதே அளவுக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது பலருக்கு வரவில்லை. பள்ளிக்கு மட்டும் போகிற பிள்ளைகளுக்கு நேர் எதிர்: தாளில் ஓரளவு வரும், சந்தைக் கணக்கில் தடுமாற்றம். இதைப் படித்தபோது எனக்குப் போச்சம்பள்ளி சந்தைதான் நினைவுக்கு வந்தது. கிலோ 18 ரூபாய் தக்காளி ஒன்றேகால் கிலோ கேட்டால், "பதினெட்டு, காலுக்கு நாலரை, இருவத்திரெண்டரை" என்று சொல்லி முடிப்பதற்குள் பையில் போட்டுவிடுகிற பையன்களை அங்கே எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலரே வகுப்பில் 'கணக்கு வராதவன்' வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால், பிள்ளைகளை விளையாட விட்டாலே போதும், படிப்பு தானே வரும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. "வகுப்புல விளையாட விடுறாங்க, படிப்பு சொல்லித் தர்றதில்ல" என்று பள்ளி வாசலில் குறைப்படுகிற பெற்றோரை ஏளனமாகப் பார்க்கிறோமே, அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதி எங்கே என்றால், விளையாட்டு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதில். இதைத் துல்லியமாகப் பிடித்தவர்கள் அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும். 2008-ல் வந்த ஆய்வு. ஏழை வீட்டுக் குழந்தைகள், பள்ளிக்குள் நுழையாத வயது. நேர்கோட்டில் 10 கட்டம், 1 முதல் 10 வரை எண். சுழலியைச் சுற்றினால் 1 அல்லது 2 விழும், அத்தனை கட்டம் காயை நகர்த்தவேண்டும். முறைக்கு 15 நிமிடமாக, இரண்டு வாரத்தில் நான்கு முறை. மொத்தமே ஒரு மணி நேரம். எண்ணைச் சொல்வது, எது பெரிது என்று ஒப்பிடுவது, கோட்டில் எண்ணின் இடத்தைக் காட்டுவது எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. 9 வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது இருந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறம் போட்டு ஆடிய குழந்தைகளிடம் எதுவும் தெரியவில்லை.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு சின்ன விதி உண்டு. 5-ஆம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தக்கூடாது. "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். ஒன்று, இரண்டு என்று சொல்லி ஆடினால் பலன் குறைந்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. பலகையை வட்டமாக வளைத்தாலும் பலன் குறைந்தது. யோசித்தால் காரணம் புரியும். நேர்கோட்டில் 8 என்பது தூரத்திலும் அதிகம், கை நகர்த்திய தடவையிலும் அதிகம், வாய் சொன்ன சொற்களிலும் அதிகம், எடுத்துக்கொண்ட நேரத்திலும் அதிகம். நான்கும் ஒன்றையே சொல்கின்றன.

இப்போது நம் பரமபதத்தை எடுத்துப் பாருங்கள். 1 முதல் 10 வரை இடமிருந்து வலம், 11 முதல் 20 வரை வலமிருந்து இடம். பாம்பு போல வளைந்து வளைந்து 100 வரை. பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் எண் அப்போதுதான் பழகும் குழந்தைக்கு 10-ஐத் தாண்டியதும் 11-ல் திரும்பி ஓடுகிற அந்தக் கோடு குழப்பம்தான். போதாததற்கு எல்லா வீட்டிலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதான் காயை நகர்த்துகிறோம். அங்கன்வாடித் தரையில் சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு, அதில் 10 கட்டம், உருட்ட ஒரு கட்டை. செலவு அவ்வளவுதான். கட்டத்தின் எண்ணைச் சொல்லித் தாண்டச் சொல்லுங்கள். பாண்டி ஆடுகிற ஊரில் இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

அஞ்சாங்கல்லையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். ஒரு கல்லை மேலே எறிந்துவிட்டுத் தரையில் கிடக்கும் 4 கல்லை வாரவேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்ததில் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே வாரலில். 4 என்ற எண்ணை உடைக்கிற வழிகள் அத்தனையும் விரலுக்குப் பழகிவிடுகின்றன, ஒன்றைத் தவிர: இரண்டும் ஒன்றும் ஒன்றும். அந்த விடுபட்ட வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லி இரண்டாம் வகுப்பில் கேட்டால் அருமையான பாடம்.

பெரிய வகுப்புக்குத் தாயம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இரண்டு பித்தளைத் தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, ஒன்று வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்றில் 1-உம் மற்றதில் வெறுமையும், 2 விதத்தில் விழும். 2 என்பது 3 விதத்தில், 3 என்பது 4 விதத்தில், 4 என்பது 3 விதத்தில், 5 என்பது 2 விதத்தில். 6-க்கு இரண்டு கட்டையிலும் 3 விழவேண்டும், ஒரே விதம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதுவும் ஒரே விதம். கூட்டிப் பார்த்தால் 16 சரியாக வரும்.

தாயம் விழாமல் காய் உள்ளே இறங்காது. அதற்கான வாய்ப்பு 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று. "அப்ப எட்டு வாட்டி உருட்டினா ஒரு தாயம் கட்டாயம் விழணுமே?" என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்பான், கேட்கவேண்டும். விழவேண்டியதில்லை. எட்டு முறையும் தாயம் விழாமல் போக 34 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேர் எட்டெட்டு முறை உருட்டினால் ஒருவராவது வெறுங்கையோடு நிற்பது சகஜம். தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று ஆடும் வீடுகளில், மறு உருட்டல் கிடைப்பது 16-க்கு 6. பாடப்புத்தகத்தில் நிகழ்தகவுக்கு நாணயத்தையும் பகடையையும் சீட்டுக்கட்டையும் காட்டுவார்கள். தாயக்கட்டையைக் கையில் கொடுத்து 160 தடவை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டுக் குறித்துவைக்கச் சொன்னால், தாயம் 20-க்குப் பக்கத்தில் வந்து நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். சில செட்டில் நிற்காது. கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதும் பாடம்தான்.

எல்லா விளையாட்டிலும் எல்லாம் இருக்கிறது என்று அளந்துவிடவும் கூடாது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. எதிராளியின் அடுத்த நகர்வை யோசிக்கப் பழக்கும், உண்மை. சதுரங்கமும் அப்படியே. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கும், 2024-ல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதற்கும் பிறகு செஸ் வகுப்புகள் பெருகிவிட்டன. 'செஸ் கற்றால் கணக்கில் நூறு' என்று சுவரொட்டி கூட ஒட்டுகிறார்கள். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. செஸ் கற்ற பிள்ளைகளும் கற்காத பிள்ளைகளும் ஓராண்டு கழித்துக் கணக்கில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். செஸ் ஆடினால் செஸ் வரும். அதுவே நல்ல காரியம்தானே, அதற்கு எதற்குக் கணக்கைத் துணைக்கு அழைக்கவேண்டும்?

இந்த இரண்டு மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு ஏன் முக்கியம் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு இருந்தபோது தருமபுரியில் 68.5. மாநிலத்தில் கடைசி இடம். 2004-ல் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியில் 71.5. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வாத்தியார் சொல்வது புரிய நாளாகும். பல்லாங்குழி விதி புரிய ஒரு ஆட்டம் போதும்.

அரசுப் பள்ளிகளுக்கு இது புதிதுமல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08 வாக்கில் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும் ஏணிப்படி, அட்டைகள், அவர்கள் தரையில் உட்கார்ந்தே எழுதும்படி சுவரின் கீழ்ப்பகுதியில் நீளக் கரும்பலகை. கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் பொம்மையும் விளையாட்டுமாக நடத்தச் சொன்னார்கள். அட்டையும் முகமூடியும் செய்தே பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் சிலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அலுப்பு நியாயமானது. ஓர் ஆசிரியர், இரண்டு மூன்று வகுப்பு, ஒரே அறை என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

செல்போன் விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, விளையாட்டுக்குள்ளேயே பாடம் இருப்பது. பல்லாங்குழியில் குழிக்கு 5 என்பதை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. மற்றது, பழைய மனப்பாடக் கேள்விக்கு மேல் நட்சத்திரமும் புள்ளியும் மணிச்சத்தமும் தூவுவது. என் மகனுக்கு வாய்ப்பாடு செயலி ஒன்றை ஆசையாக இறக்கிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் நட்சத்திரமாய்க் குவித்தான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஏழெட்டு எவ்வளவு என்று கேள்வி; கீழே 56, 63, 49, 81. எட்டால் பெருக்கினால் இரட்டைப்படைதான் வரும், நான்கில் ஒன்றே ஒன்றுதான் இரட்டைப்படை. பெருக்கவே இல்லை பயல். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுவதா, செயலி செய்தவர்களைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

பரிசுக்கு வேறொரு விலையும் உண்டு. 1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் வேறு இருவரும் சேர்ந்து செய்த சோதனை: படம் வரைய ஆசைப்படுகிற மழலைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொல்லி, வரைந்ததும் தந்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாவைப் போட்டுவைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆசைப்பட்டுச் செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டோம்.

ஆக, ஒரு விளையாட்டு வகுப்புக்கு உதவுமா என்று பார்க்க நான் கேட்பது இரண்டே கேள்வி. கற்கவேண்டிய விஷயம் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது பாடத்துக்கு உதவாது. இரண்டாவது, ஆட்டத்தில் நடந்ததைக் குழந்தை வாயால் சொல்லி, கையால் எழுதுகிற ஒரு நிமிடம் எங்கே இருக்கிறது? கொல்கத்தா, டெல்லிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு நிமிடம் என்றுதான் நினைக்கிறேன். ஆட்டத்தை நிறுத்திப் பாடம் எடுத்தால் ஆட்டம் செத்துவிடும். ஆட்டத்திலேயே எழுதவேண்டிய இடம் ஒன்று இயல்பாக வரும். பல்லாங்குழியில் அது குழி நிரப்பும் நேரம். அஞ்சாங்கல்லில் சுற்று மாறும் நேரம். தாயத்தில் விழுந்ததைக் குறிக்கிற ஒவ்வொரு தடவையும். அந்தப் பழைய கீழ்க் கரும்பலகை இன்னும் இருக்கிற பள்ளிகளில் அதற்கு இடமும் தயாராகவே இருக்கிறது.

பென்னாகரம் திண்ணையில் வகுத்தல் என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "எத்தன குழி ரொம்புச்சு, கையில எத்தன, அத மட்டும் எழுது" என்று ஒரு சாக்பீஸைக் கொடுத்தேன். நிரம்பிய குழிகளை விரலால் தொட்டுவிட்டு, குழிக்கு 5, 4 குழி, மிச்சம் 3 என்று சொல்லிக்கொண்டே திண்ணை ஓரத்தில் எழுதினாள். 23 = 5 × 4 + 3. கூட்டல் குறியை எங்கே போடுவது என்று மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஆட்டத்திலும் தோற்றாள். ஆயாவுக்கு 52, அவளுக்கு 18. இந்த முறை கொட்டையைக் குழியில் போடவே இல்லை, நேராகச் சாக்பீஸை எடுத்தாள். 18 = 5 × 3 + 3. பிறகு அண்ணாந்து, "ஆயா, எனக்கு மூணு குழிதான். நாலு குழி போச்சு" என்றாள்.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. தரையில் கிடந்த கோடுகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பேத்தியின் கையிலிருந்த 18-ஐ வாங்கி, ஒவ்வொரு குழியாக ஐந்தைந்து போட்டுப் பார்த்தார். மூன்று குழி நிரம்பியது. உள்ளங்கையில் மூன்று கொட்டை.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். "ஆடு."